தன்மயமாதலா, தன்மயமாக்கலா? அசிமிலேஷனும் அதன் பங்காளிச் சொற்களும்

கேள்வி இதுதான். உயிரியல் பாடத்தில் அசிமிலேஷன் என்றால் செரித்த உணவு உடலோடு சேர்வது. மொழியியலில் ஓர் ஒலி பக்கத்து ஒலியைப்போல மாறுவது. சமூகவியலில், வந்து குடியேறியவர்கள் அந்த ஊர்க்காரர்களாகவே ஆகிப்போவது. இது ஒரே சொல்லா, மூன்று சொற்களா? தமிழில் தன்மயமாதல், தன்மயமாக்கல், உட்கிரகித்தல், ஓரினமாதல் என்று ஆளுக்கு ஒன்றாக எழுதுகிறார்களே, எதை எடுத்துக்கொள்வது? இன்டகிரேஷன், அகல்ச்சரேஷன், அக்காமடேஷன் எல்லாம் இதன் மறுபெயர்கள்தானா? போட்டித் தேர்வுக்குப் படிக்கும் ஒருவரும், சமூகவியல் கட்டுரை ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கும் ஒருவரும் ஏறக்குறைய இதையே கேட்டிருக்கிறார்கள். இருவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

ஒரே சொல்தான். லத்தீனில் 'சிமிலிஸ்' என்றால் ஒத்தது, போன்றது. 'அட்' என்றால் ஒன்றை நோக்கி. இரண்டும் சேர்ந்து, ஒன்றை இன்னொன்றைப் போல ஆக்குவது என்று பொருள் தரும். சேரும்போது 'அட்' என்பதில் உள்ள ட் ஒலி, அடுத்து வரும் ஸ் ஒலியாகவே மாறி 'அஸ்' ஆகிவிட்டது. அதாவது, மொழியியலார் அசிமிலேஷன் என்று எதைச் சொல்கிறார்களோ அது அந்தச் சொல்லுக்குள்ளேயே நடந்திருக்கிறது.

நம் பாடநூல்களில் இதற்கு வழங்கும் 'தன்மயம்' என்ற சொல்லிலும் இதே கதைதான். வடமொழியில் தத் என்பதும் மய என்பதும் சேர்ந்தது அது. பின்னால் வரும் மகரத்தின் மூக்கொலி முன்னால் இருக்கும் தகர ஒற்றைப் பிடித்துக்கொள்ள, தத் என்பது தன் ஆகிறது. ஆனால் இங்கே ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. வடமொழியில் 'தத்' என்றால் அது. ஆகவே தன்மயமாதல் என்றால் 'அதுவாகவே ஆகிவிடுதல்'. பாடகர் ராகத்தோடு தன்மயமாகிவிட்டார் என்று கச்சேரிக்குப் போய்வந்தவர்கள் சொல்வது இந்தப் பொருளில்தான். அங்கே கரைவது பாடகர். தமிழ்க் காதுக்கோ 'தன்' என்பது தான், தன்னுடையது என்றே கேட்கும். உயிரியல் நூலில் தன்மயமாதல் என்று படிக்கும் மாணவர், உடல் உணவைத் தன்னுடையதாக ஆக்கிக்கொள்கிறது என்று புரிந்துகொள்கிறார். அங்கே கரைவது உணவு. ஒரே சொல், நேர் எதிரான இரண்டு திசைகள்.

அதனால் இந்தச் சொல் எந்தத் துறையில் வந்தாலும் நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: இங்கே மாறுவது எது, மாறாமல் நிற்பது எது? இதற்கு விடை கிடைத்துவிட்டால் பங்காளிச் சொற்களை எல்லாம் பிரித்து அடுக்கிவிடலாம்.

உயிரியலில் விடை எளிது. உணவு மாறுகிறது, உண்பவர் அப்படியே இருக்கிறார். உணவூட்டத்தின் படிகளைப் பாடநூல் வரிசையாகச் சொல்கிறது: உட்கொள்ளுதல், செரித்தல், உட்கிரகித்தல், தன்மயமாதல், கழிவை வெளியேற்றுதல். இதில் மாணவர்கள் குழம்புவது மூன்றாவதிலும் நான்காவதிலும். சிறுகுடலின் குடலுறிஞ்சிகள் வழியாக அமினோ அமிலமும் குளுக்கோஸும் ரத்தத்துக்குள் போவது உட்கிரகித்தல். இலங்கைப் பாடநூல்கள் இதை அகத்துறிஞ்சல் என்கின்றன. அந்தக் கட்டத்தில் அமினோ அமிலம் இன்னும் அமினோ அமிலம்தான். காலையில் தின்ற இட்லியின் உளுந்துப் புரதம் பிரிந்து, பிறகு உங்கள் தசைப் புரதமாகவோ ஹீமோகுளோபினாகவோ புதிதாகக் கோக்கப்படும்போதுதான் அது தன்மயமாகிறது. குளுக்கோஸ் கல்லீரலில் கிளைக்கோஜனாகச் சேர்வதும் அப்படியே. ஆகவே அசிமிலேஷனுக்கு உட்கிரகித்தல் என்று எழுதுவது உயிரியலில் தவறு. அது அப்சார்ப்ஷன்.

தாவரத்தில் இன்னொரு குழப்பம் உண்டு. வேர்முண்டில் வாழும் ரைசோபியம் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனை அம்மோனியாவாக மாற்றுவது நைட்ரஜனை நிலைப்படுத்துதல். மண்ணிலிருந்து வேர் எடுத்துக்கொண்ட நைட்ரேட்டை, நைட்ரேட் ரிடக்டேஸ் என்ற நொதி நைட்ரைட்டாக்கி, அது பிறகு அம்மோனியமாகி, குளூட்டமின் போன்ற அமினோ அமிலங்களில் ஏறி உட்காருவது நைட்ரஜன் தன்மயமாக்கல். தேர்வில் இரண்டையும் மாற்றி எழுதி மதிப்பெண்ணைத் தொலைக்கிறவர்கள் நிறைய.

மொழியியலுக்கு வருவோம். தமிழ் தெரிந்தவர்களுக்கு இது புதுச் சரக்கே இல்லை. மரம் என்பதோடு கள் சேர்ந்தால் மரங்கள். பின்னால் ககரம் வருவதால் மகர ஒற்று ஙகர ஒற்றாகிறது. நல் என்பதும் மொழி என்பதும் சேர்ந்தால் நன்மொழி. பின்னால் வருவது முன்னால் இருப்பதை மாற்றுகிற இந்த வகைதான் உலக மொழிகளில் அதிகம் தென்படுவது. கண்ணும் நீரும் சேர்ந்து கண்ணீர் ஆகும்போது திசை திரும்பிவிடுகிறது. முன்னால் இருக்கும் ணகரம் பின்னால் வரும் நகரத்தைத் தன்னைப்போல ஆக்கிக்கொள்கிறது. கல்லும் தூணும் சேர்ந்து கற்றூண் ஆகும்போது இரண்டுமே தம் உருவை விட்டு மூன்றாவது ஒலியில் சந்திக்கின்றன. தொல்காப்பியர் இதற்கு 'மெய் பிறிதாதல்' என்று பெயர் வைத்தார். நன்னூல் திரிதல் என்றது. திரிதல் என்பது அசிமிலேஷனைவிட விரிந்த வட்டம், எந்த ஒலிமாற்றமும் அதில் அடங்கும். ஒன்றைப்போல ஒன்று ஆகும் திரிதலுக்கு மட்டும் ஓரினமாதல் என்று இன்று எழுதுகிறார்கள். நல்ல சொல். பேச்சில் ஒன்று என்பது ஒண்ணு ஆனதும், நின்று என்பது நின்னு ஆனதும் இதே வேலைதான். நாக்கு சோம்பல்படுகிறது என்று சிலர் குறையாகச் சொல்வார்கள். இது குறை அல்ல. மனிதர் பேசும் மொழி ஒவ்வொன்றிலும் நடப்பது.

சொற்களுக்கும் இது நேர்கிறது. வடசொல் தமிழுக்குள் வரும்போது வட எழுத்தை விட்டுவிட்டு வரவேண்டும் என்று தொல்காப்பியம் விதித்தது. லட்சுமி இலக்குமி ஆனாள், விபீஷணன் வீடணன் ஆனான். போர்ச்சுகீசியரிடமிருந்து வந்த சாவி, ஜன்னல், அலமாரி, மேசை ஆகியவற்றை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு, அவை வெளியிலிருந்து வந்தவை என்ற நினைப்பே இல்லாமல் சாவியை, சாவிக்கு, சாவிகள் என்று வேற்றுமை உருபு போட்டுப் பேசுகிறோம்.

உளவியலில் இந்தச் சொல்லைப் பரவலாக்கியவர் சுவிட்சர்லாந்தின் ழான் பியாஜே. 1896இல் பிறந்தவர். குழந்தைகளின் அறிவு வளர்ச்சியை ஆராய்வதற்கு முன்பு நத்தை, சிப்பி போன்ற மெல்லுடலிகளை ஆராய்ந்தவர். அதனால் அவர் உயிரியல் பொருளையே மனத்துக்குக் கொண்டுபோனார். நாயை மட்டும் அறிந்த குழந்தை ஆட்டுக்குட்டியைப் பார்த்து நாய் என்கிறது. புதியதைத் தன்னிடம் ஏற்கெனவே இருக்கும் அச்சுக்குள் போட்டுக்கொள்கிறது. இது அசிமிலேஷன். இல்லை, இது வேறு என்று உணர்ந்து, ஆடு என்ற புது அச்சைத் தனக்குள் உண்டாக்கிக்கொள்வது அக்காமடேஷன். முதலாவதில் மனம் மாறவில்லை, வந்த பொருள்தான் மனத்துக்கேற்ப வளைகிறது. இரண்டாவதில் மனம் மாறுகிறது. இங்கே அக்காமடேஷனைத் தகவமைத்தல் அல்லது இடங்கொடுத்தல் என்று எழுதலாம். இரண்டும் சேர்ந்த முழுச் செயல்தான் பியாஜேவுக்கு அடாப்டேஷன்.

இனி சமூகவியல். சிக்கல் முழுவதும் இங்கேதான் இருக்கிறது. மாறுவது இங்கே உணவும் இல்லை, ஒலியும் இல்லை. மனிதர்கள். அவர்களிடம் யாராவது சம்மதம் கேட்டார்களா என்ற கேள்வி முதன்முறையாக எழுகிறது.

சிகாகோ பல்கலைக்கழகத்தின் ராபர்ட் பார்க், எர்னஸ்ட் பர்ஜெஸ் இருவரும் 1921இல் வெளியிட்ட பாடநூலில், வெவ்வேறு மக்கள் கூட்டங்கள் ஓரிடத்தில் சேரும்போது நடப்பதை நான்காகச் சொன்னார்கள்: போட்டி, மோதல், அக்காமடேஷன், அசிமிலேஷன். இந்த அக்காமடேஷன் பியாஜேயுடையது அல்ல, கவனியுங்கள். மோதியவர்கள் ஒருவரை ஒருவர் பொறுத்துக்கொண்டு, அவரவர் இடத்தில் வாழ ஓர் ஏற்பாட்டுக்கு வருவது இது. இதற்கு இணக்கம் என்ற சொல் பொருந்தும். ஒரே பெயர் இரண்டு துறைகளில் இரண்டு ஆட்களைக் குறிப்பதால், மொழிபெயர்ப்பாளர் துறையைப் பார்க்காமல் கைவைக்கக் கூடாது.

அகல்ச்சரேஷனை 1936இல் ராபர்ட் ரெட்ஃபீல்ட், ரால்ஃப் லின்டன், மெல்வில் ஹெர்ஸ்கோவிட்ஸ் என்ற மூன்று மானிடவியலாளர்கள் வரையறுத்தார்கள். இரு பண்பாட்டு மக்கள் தொடர்ந்து நேருக்கு நேர் பழகும்போது, ஒரு பக்கத்திலோ இரு பக்கத்திலுமோ நேரும் மாற்றம் அது. இரு பக்கத்திலுமோ என்ற இடம் முக்கியம். அசிமிலேஷன் அதில் சில வேளை வந்துசேரும் ஒரு கட்டம் மட்டுமே. அகல்ச்சரேஷனுக்குப் பண்பாட்டுத் தாக்கம் என்று எழுதுவதைவிடப் பண்பாட்டுக் கலப்பு மாற்றம் என்று விரித்து எழுதுவது மேல். தாக்கம் என்றால் ஒருவர் அடிக்க, மற்றவர் வாங்குவதுபோல ஆகிவிடுகிறது.

1964இல் அமெரிக்கச் சமூகவியலாளர் மில்டன் கார்டன் செய்த ஒரு பிரிவினைதான், என் கணக்கில், இந்தத் துறையில் மிகப் பயனுள்ளது. பண்பாட்டு அசிமிலேஷன் வேறு, கட்டமைப்பு அசிமிலேஷன் வேறு என்றார் அவர். மொழி, உடை, பழக்கம் எல்லாவற்றிலும் அவர்களைப்போல ஆகிவிடுவது முதலாவது. அவர்களுடைய சங்கங்களிலும் நட்பு வட்டத்திலும் வீட்டிலும் சமமாக உள்ளே விடப்படுவது இரண்டாவது. முதலாவது முழுவதும் நடந்து முடிந்தும் இரண்டாவது நடக்காமலே போகலாம். இதற்கு அமெரிக்க உதாரணங்களைத் தேடிப் போகவேண்டியதில்லை. பிரெஞ்சு ஆட்சிக்காலப் புதுச்சேரி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.

பிரான்ஸ் தன் காலனிகளில் அசிமிலேஷன் என்ற சொல்லை அரசுக் கொள்கையின் பெயராகவே வைத்திருந்தது. காலனி பிரான்ஸின் ஒரு பகுதி, அங்கே பிரான்ஸின் சட்டமே நடக்கும், பிரெஞ்சுக்காரர்களுக்குள்ள உரிமையே மக்களுக்கும் உண்டு என்பது கொள்கை. நடைமுறை இடத்துக்கு இடம் மாறியது. புதுச்சேரியில் 1819இலேயே, இந்தியர்களுக்கு அவரவர் சாதியின் சட்டமும் வழக்கமுமே தொடரும் என்று ஆட்சி உறுதியளித்துவிட்டது. கேட்பதற்குப் பெருந்தன்மையாக இருக்கும். ஆனால் சாதி வழக்கம் தொடரும் என்றால், அதில் மிதிபடுகிறவனுக்கும் அதே வழக்கம்தான் தொடரும்.

1873இல் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற வழக்கறிஞர் ஐரோப்பியரைப்போல காலுறையும் சப்பாத்தும் அணிந்து புதுச்சேரி நீதிமன்றத்துக்கு வந்தார். இந்தியர் அப்படி வரக்கூடாது என்று அவர் தண்டிக்கப்பட்டார். அவர் விடவில்லை. பாரிஸில் இருந்த உயர்ந்த நீதிமன்றம்வரை கொண்டுபோய் வென்றார். இங்கே யார் யாரைப்போல ஆக விரும்பினார், யார் தடுத்தார் என்று பாருங்கள். எங்களைப்போல ஆகுங்கள் என்பது கொள்கை. ஆக முனைந்தவரை நிறுத்தியது அதே ஆட்சி.

1881 செப்டம்பர் 21ஆம் தேதி ஆணை ஒரு வழியைத் திறந்தது. இந்தியர் ஒருவர் தம் தனிநபர் சட்டத்தை, அதாவது தம் மதத்துக்கும் சாதிக்கும் உரிய சட்டத்தை, ஒரு வாக்குமூலத்தால் கைவிட்டு, பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தின்கீழ் வரலாம். பிறகு திரும்ப முடியாது. அவருடைய சிறுவயதுப் பிள்ளைகளுக்கும் அது பொருந்தும். குடும்பப் பெயர் ஒன்று எடுத்துக்கொள்ளவேண்டும். இவர்களை ரெனோன்சான் என்றார்கள், துறந்தவர்கள் என்று பொருள். பொன்னுத்தம்பி இப்படித் துறந்து லாபோர்த் என்ற பெயரை எடுத்துக்கொண்டார். இந்தப் பக்கம் போனவர்களில் கிறிஸ்தவர்கள் அதிகம். இவர்களை வேரை அறுத்துக்கொண்டவர்கள் என்று இளக்காரமாக எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அது கொஞ்சமும் உடன்பாடில்லை. சாதிச் சட்டத்திலிருந்து வெளியேறுவதற்கு அன்றைக்கு வேறு எந்தச் சட்டக் கதவு திறந்திருந்தது? தன்மயமாதல் என்பது சிலருக்கு விடுதலையாகவும் இருந்திருக்கிறது. இதை விட்டுவிட்டு எழுதப்படும் எந்த வரையறையும் அரைகுறைதான்.

சரி, அவர்கள் முழுப் பிரெஞ்சுக்காரர்கள் ஆனார்களா? 1884இல் வாக்காளர் பட்டியல் மூன்றாகப் பிரிக்கப்பட்டது. முதல் பட்டியலில் ஐரோப்பியரும் அவர்கள் வழிவந்தவர்களும். மூன்றாவதில் துறக்காத இந்தியர். நடுவில் ஒரு தனிப் பட்டியலில் ரெனோன்சான்கள். சட்டத்தை ஏற்றார்கள், பெயரை மாற்றினார்கள், சொத்துரிமை முதல் திருமணம் வரை பிரெஞ்சு விதிப்படி நடந்தார்கள். ஆனால் பிரெஞ்சுக்காரர் பட்டியலில் இடம் இல்லை. கார்டன் 80 ஆண்டுகள் கழித்துச் சொல்லப்போகிற வேறுபாட்டை அந்தப் பட்டியலே காட்டிவிட்டது. இந்தக் குடும்பங்களில் பலர் பிறகு பிரெஞ்சு ராணுவத்திலும் இந்தோசீனா நிர்வாகத்திலும் சேர்ந்து வியட்நாமின் சைகோனுக்குப் போனார்கள். ஓய்வூதியத்தோடு திரும்பியவர்களைப் புதுச்சேரியில் சொல்தா என்பார்கள். பிரெஞ்சில் படைவீரனைக் குறிக்கும் சொல் அது, அப்படியே தமிழாகிவிட்டது.

ஒப்பிட ஒரு தகவல். ஆப்பிரிக்காவின் செனெகலில் செயின்ட் லூயி, கோரே, தக்கார், ரூஃபிஸ்க் ஆகிய நான்கு நகரங்களின் மக்கள், தங்கள் இஸ்லாமியத் தனிநபர் சட்டத்தைக் கைவிடாமலே பிரெஞ்சுக் குடியுரிமை உண்டு என்பதை 1916இல் சட்டமாக்கிக்கொண்டார்கள். அங்கிருந்து பிரெஞ்சு நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்த பிளேஸ் தியாஞ் அதை நிறைவேற்றவைத்தார். உரிமையில் சமம், வாழ்க்கைமுறையில் தனித்தன்மை. இதைத்தான் இன்று இன்டகிரேஷன் என்கிறோம்.

கடல் கடந்துபோன தமிழர்களுக்கு வேறு மாதிரி நடந்தது. 1848இல் பிரான்ஸ் அடிமைமுறையை ஒழித்தபின், இந்தியப் பெருங்கடலின் ரியூனியன், கரீபியனின் குவாதலூப், மார்த்தினிக் ஆகிய தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்குப் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்கள் வழியாக ஒப்பந்தக் கூலிகள் ஏற்றப்பட்டார்கள். பெரும்பான்மை தமிழர்கள். ரியூனியனில் இவர்களுக்கு மல்பார் என்று பெயர், மலபாரிலிருந்து வரவில்லை என்றாலும். பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்துப் பிரெஞ்சுப் பெயர் வைத்தார்கள். அப்பாவின், தாத்தாவின் பெயர் குடும்பப் பெயராக நின்றுவிட்டது. முத்துசாமி, ராமசாமி என்பவை இன்றும் அங்கே குடும்பப் பெயர்கள். தமிழ் பேசுவது தலைமுறைக்குத் தலைமுறை தேய்ந்து, பிரெஞ்சிலிருந்து கிளைத்த கிரியோல் தாய்மொழியானது. ஆனால் தீமிதி நிற்கவில்லை. பாஞ்சாலியைப் பாண்டியாலே என்று அழைத்துக்கொண்டு இன்றும் தீயில் இறங்குகிறார்கள். தேவாலயத்துக்கும் போகிறார்கள், மாரியம்மன் கோயிலுக்கும் போகிறார்கள். இரண்டும் ஒரே குடும்பத்தில், பல நேரம் ஒரே ஆளிடம். மொழி முழுவதும் மாறிப்போகலாம், வழிபாடு மாறாமல் நிற்கலாம். அசிமிலேஷனை நூற்றுக்கு இத்தனை என்று ஒற்றை அளவுகோலால் அளக்க முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

குவாதலூப்பில் பிறந்த இந்திய வம்சாவளியினருக்கு அப்போதும் வாக்குரிமை மறுக்கப்பட்டது. ஹென்றி சிதம்பரம் என்பவர், ஒப்பந்தக் கூலியின் மகன், 1904இல் தொடங்கி 1923வரை இதற்காகப் போராடினார். இந்த மண்ணில் பிறந்தவர்கள் பிரெஞ்சுக் குடிமக்கள்தான் என்று கடைசியில் ஏற்கவைத்தார். அவர் கேட்டது உரிமையில் ஒப்புமை.

1946 மார்ச் 19இல் இந்தத் தீவுகளும் பிரெஞ்சு கயானாவும் காலனி நிலையிலிருந்து பிரான்ஸின் மாவட்டங்களாக ஆக்கப்பட்டன. அந்தச் சட்டத்தை அசிமிலேஷன் சட்டம் என்றே அழைத்தார்கள். நாடாளுமன்றத்தில் அதை முன்வைத்துப் பேசியவர் மார்த்தினிக்கின் கவிஞர் எமே செசேர். கறுப்பரின் தன்மானத்தை உயர்த்திப் பிடித்தவர் அசிமிலேஷனைக் கேட்டாரா என்று இன்று படிப்பவர்கள் திகைப்பார்கள். அவர் கேட்டது பாரிஸ் தொழிலாளிக்குக் கிடைக்கும் கூலி, மருத்துவம், ஓய்வூதியம், பள்ளிக்கூடம். சட்டத்தில் சமம். கிடைத்தது என்ன? குறைந்தபட்சக் கூலி பிரான்ஸோடு சமமானது 1996இல். அரை நூற்றாண்டு. பள்ளியில் பிரெஞ்சு மட்டுமே பேசவேண்டும் என்பது உடனே நடைமுறையில் இருந்தது. 1962 முதல் 1984 வரை ரியூனியனிலிருந்து 2,000க்கும் மேற்பட்ட குழந்தைகள், பிரான்ஸில் ஆள் குறைந்துபோன கிராமப்புற மாவட்டங்களுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். 2014இல்தான் அரசுக்கு அதில் தார்மீகப் பொறுப்பு உண்டு என்று பிரெஞ்சு நாடாளுமன்றம் தீர்மானம் போட்டது. சமத்துவத்தைக் கேட்டவர்களுக்கு ஒரேமாதிரியாக்குவது முந்தி வந்தது. அசிமிலேஷன் என்ற ஒரு சொல்லுக்குள் இந்த இரண்டும் அடங்கியிருந்ததால்தான் ஒன்றைக் காட்டி மற்றதைக் கொடுக்க முடிந்தது. செசேரே பத்தாண்டுக்குள் மனம் மாறினார். 1956இல் எழுதிய ஒரு கடிதத்தில், தன் தனித்தன்மைக்குள் மதில் எழுப்பி அடைந்துகொள்வதும், பொதுவானதற்குள் கரைந்துபோவதும் ஆகிய இரண்டுமே தன்னைத் தொலைக்கும் வழிகள் என்றார்.

கட்டாயமாகச் செய்யப்பட்டதன் கொடூரத்தை வேறு நாடுகளில் இன்னும் வெளிப்படையாகப் பார்க்கலாம். அமெரிக்காவில் 1879இல் தொடங்கிய கார்லைல் பள்ளியில் பூர்வகுடிப் பிள்ளைகளின் தலைமுடியை வெட்டி, பெயரை மாற்றி, தாய்மொழி பேசினால் தண்டித்தார்கள். கனடாவின் உறைவிடப் பள்ளிகளிலும் இதுவே. ஆஸ்திரேலியாவில் பூர்வகுடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்தெடுத்ததற்கு 2008இல் பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். இவை எல்லாவற்றையும் அந்தந்த அரசுகள் அசிமிலேஷன் என்ற பெயரில்தான் நியாயப்படுத்தின. 2007இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்ற பூர்வகுடிகள் உரிமைப் பிரகடனத்தின் எட்டாவது பிரிவு, கட்டாய அசிமிலேஷனுக்கு ஆளாக்கப்படாமல் இருக்கும் உரிமையைத் தனியாகச் சொல்லவேண்டி வந்தது இதனால்தான்.

மீதிச் சொற்களைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். கனடாவின் உளவியலாளர் ஜான் பெரி இரண்டு கேள்விகள் கேட்டார்: வந்தவர் தம் பண்பாட்டைக் காப்பாற்றிக்கொள்கிறாரா? பெரும்பான்மையினரோடு பழகுகிறாரா? இரண்டுக்கும் ஆம் என்றால் இன்டகிரேஷன். முதலாவதுக்கு இல்லை, இரண்டாவதுக்கு ஆம் என்றால் அசிமிலேஷன். முதலாவது மட்டும் ஆம் என்றால் செபரேஷன், ஒதுங்கி வாழ்தல். இரண்டுமே இல்லை என்றால் மார்ஜினலைசேஷன், விளிம்புக்குப் போய்விடுதல். இதில் எனக்கு ஒரு குறை உண்டு. எல்லாமே வந்தவரின் விருப்பம்போலத் தெரிகிறது. ஒதுங்கி வாழ்கிறவர் தாமாக ஒதுங்கினாரா, ஒதுக்கிவைக்கப்பட்டாரா என்பதைக் கேட்காமல் விட்டால் அந்தக் கட்டம் பொய் சொல்லும்.

கியூபாவின் ஃபெர்னாண்டோ ஓர்ட்டிஸ் 1940இல் டிரான்ஸ்கல்ச்சரேஷன் என்ற சொல்லைப் படைத்தார். இருபுறமும் எதையோ இழந்து, இருவரிடமும் இல்லாத புதிது ஒன்று பிறப்பது இது. கற்றூணில் இரண்டு ஒலிகளும் மாறியதே, அதுபோல. குவாதலூப்பிலும் மார்த்தினிக்கிலும் கொலோம்போ என்றொரு குழம்பு வகை உண்டு. நம் குழம்பு என்ற சொல்லே அப்படி மாறியதாகச் சொல்வார்கள். இந்தியர் கொண்டுபோன மசாலாவில் ஆரம்பித்தது. இன்று அந்தத் தீவுகளில் இந்திய வம்சாவளி அல்லாதவர்களும் தங்கள் ஊர்ச் சமையல் என்று பெருமையோடு சொல்வது. அங்கே மாறியது வந்தவர்கள் மட்டும் இல்லை.

இப்போது மொழிபெயர்ப்பாளரின் கேள்விக்கு நேரடியாக. ஆங்கிலத்தில் 'அசிமிலேட்' என்ற ஒரே வினை தானாக மாறுவதற்கும் பிறரை மாற்றுவதற்கும் வருகிறது. 'அசிமிலேஷன்' என்ற பெயர்ச்சொல்லாகிவிட்டால் செய்தவர் யார் என்பதே மறைந்துபோகும். தமிழில் அப்படி மறைக்க முடியாது. தன்மயமாதலா, தன்மயமாக்கலா என்று நீங்கள் தேர்ந்தெடுத்தே ஆகவேண்டும். திருந்துவதும் திருத்துவதும் ஒன்றல்ல என்று நம் தன்வினையும் பிறவினையும் கேட்டு வாங்கிவிடும். இதைத் தொல்லையாக நினைக்காதீர்கள், வாய்ப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். கட்டுரையில் 'அசிமிலேஷன்' வரும் ஒவ்வொரு இடத்திலும் நின்று, இதைச் செய்தது யார் என்று பாருங்கள். அரசுக் கொள்கை, பள்ளி, சட்டம் என்றால் தன்மயமாக்கல். மூன்று தலைமுறையில் தானாக நடந்தது என்றால் கலந்துவிடுதல், கரைந்துவிடுதல் என்ற எளிய சொற்களே போதும். எல்லா இடத்திலும் கலைச்சொல் தேவை இல்லை. 1946 சட்டத்தைப்போல உரிமையில் ஒப்பாக்குவது என்றால், சமநிலைப்படுத்துதல் என்று எழுதிவிட்டு, பிரான்ஸ் அதை அசிமிலேஷன் என்று அழைத்தது என்றும் சேர்த்துவிடுங்கள்.

இன்டகிரேஷனுக்கு ஒருங்கிணைவு நல்லது. நம் அரசாங்கத் தமிழில் தேசிய ஒருமைப்பாடு என்ற வழக்கு நிலைத்துவிட்டது, அதை மாற்றவேண்டியதில்லை. ஆனால் ஒருமைப்பாடு என்றால் ஒன்றாகவே ஆகிவிடுதல் என்ற சாயல் வரும். ஒருங்கிணைவில் இணைகிறவை தனித்தனியாக இருந்துகொண்டே இணைகின்றன. பெரியின் நான்கு கட்டங்களை மொழிபெயர்க்கும்போது இன்டகிரேஷனுக்கு ஒருமைப்பாடு என்று போட்டுவிட்டால், அடுத்த கட்டத்தில் அசிமிலேஷனுக்கு எழுத உங்களிடம் சொல்லே மிஞ்சாது.